கழுத்தோடு கிள்ளிய கோழிக்கொண்டை

1

சென்ற செப்டம்பரில் ஒரு சனிக்கிழமை காலை, என் மகள் ஜெனி ஆறு மாதம் பாடுபட்டு வளர்த்த கோழிக்கொண்டைப் பாத்தியை நான் பத்து நிமிடத்தில் காலி செய்தேன். பூச்சி அரிக்கவில்லை, பனி கொட்டவில்லை. இந்த ஊரில் எல்லாப் பழியையும் சுமக்கும் அணில்கூட அன்றைக்கு நிரபராதி. செய்தது நான். அதுவும் சந்தோஷமாகச் செய்தேன்.

என் பெயர் ஸ்டெல்லா. ஊத்துக்கோட்டைப் பக்கம் பிறந்தவள். கும்மிடிப்பூண்டியில் ஒரு கம்பெனியில் ஒயர் கோத்துக்கொண்டிருந்தபோது, அங்கேயே மெஷின் ஓட்டிய செவ்வாப்பேட்டைக்காரர் சாமுவேலைக் கட்டிக்கொண்டேன். கனடாவுக்கு வந்து பதினேழு வருடம் ஆகிறது. டொராண்டோவிலிருந்து காரில் ஒன்றரை மணி நேரம் எங்கள் ஊர். அவர் இங்கேயும் மெஷின்தான் ஓட்டுகிறார். நான் முதியோர் இல்லம் ஒன்றின் சமையலறையில் காய் நறுக்குகிறேன். ஜெனிக்குப் பதினாறு வயது, ஒரே பிள்ளை.

ஜெனி பேசுவது ஆங்கிலம். நான் அதை இங்கே தமிழில் எழுதுகிறேன், அவ்வளவுதான். ஏழு வயதில் தமிழ்ப் பள்ளிக்கு அனுப்பினோம். முதல் நாளே டீச்சரிடம் “இன்னா மிஸ்?” என்று கேட்டிருக்கிறாள். வீட்டில் நாங்கள் பேசுவதைத்தானே குழந்தை பேசும்? வகுப்பே சிரித்ததாம். டீச்சர் அன்பாகத்தான் திருத்தினார். ஆனால் அன்றைக்கு மூடிய வாய் பிறகு தமிழுக்குத் திறக்கவே இல்லை. நான் அவளைக் குறை சொல்ல முடியாது. வீட்டுக்குள் ‘இன்னா’, வெளியே ‘என்ன’ என்று பதினேழு வருடமாக இரண்டு நாக்கு வைத்துக்கொண்டிருப்பவள் நான்.

2

இந்தப் பூ எங்கள் வீட்டுக்கு வந்தது என் அண்ணன் தேவராஜால். கும்மிடிப்பூண்டியில் இரும்பு உருக்கும் ஆலை ஒன்றில் கிரேன் ஓட்டுகிறார். ஆயுத பூஜைக்கு அவர் கிரேனின் கொக்கிக்கு மாலை போட்டு, சந்தனம் வைத்து, பக்கத்தில் நின்று போட்டோ அனுப்புவார். நாங்கள் ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போகிறவர்கள். அதற்காகக் கொக்கிக்கு மாலை போடாமல் இருக்க முடியுமா? ஆலையில் அன்றைக்கு எல்லாருக்கும் பொரி, எல்லாருக்கும் சுண்டல். அந்தப் போட்டோவில் ஆள் உயரக் கொக்கியின் கழுத்தில் கருஞ்சிவப்பாகத் தடித்த மாலை தொங்குவதைப் பார்த்து, “இது துணியா, பூவா?” என்று கேட்டாள் ஜெனி.

“பூதான். கோழிக்கொண்டை.”

“உனக்குத் தெரியுமா இது?”

“தெரியாம? எங்க ஊர்ல தோட்டமே இருந்திச்சி.”

தோட்டம் இருந்தது உண்மை. அது எங்களுடையது இல்லை. பதினோரு வயதிலிருந்து பதினெட்டு வயது வரைக்கும் நான் அந்தத் தோட்டத்தில் கூலிக்குப் பூப்பறித்தேன். இது என் கணவரைத் தவிர இந்த நாட்டில் யாருக்கும் தெரியாது. தமிழ்ச் சங்கத்தில் நான் திருவள்ளூர் டவுன்காரி. மகளுக்கு நான் தோட்டத்துச் சொந்தக்காரர் வீட்டுப் பெண். எப்போது அப்படி முடிவெடுத்தேன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. ஒரு தடவை வாய்தவறிச் சொன்னேன், அப்புறம் அதையே காப்பாற்ற வேண்டியதாகிவிட்டது.

எங்கள் நகர நூலகத்தில் பிள்ளைகளுக்கு ஒரு தோட்டக் குழு உண்டு. ஆளுக்கு ஒரு பூச்செடியை விதையிலிருந்து வளர்த்து, நோட்டில் குறிப்பெழுதி, செப்டம்பரில் இருபது தண்டுகளைக் குவளையில் வைத்துக் காட்டினால் சான்றிதழ். அடுத்த கோடையில் பல்கலைக்கழகத்துப் பசுமைக்குடிலில் வேலை கேட்க ஜெனிக்கு அந்தச் சான்றிதழ் தேவை. செடியைப் பற்றிப் படிக்க வேண்டும் என்பது அவள் ஆசை. கோழிக்கொண்டை என்று எழுதிக்கொடுத்துவிட்டாள்.

அண்ணனிடம் விதை கேட்டேன். அவர் ஒரு பிடி விதையைப் பேப்பரில் மடித்து, மிளகாய்த் தூள் பொட்டலத்துக்கு நடுவே வைத்து அனுப்பிவிட்டார். மூன்று வாரம் கழித்து பார்சலுக்குப் பதில் இரண்டு பக்க அரசாங்கக் கடிதம் வந்தது. தாவர நலச் சான்றிதழ் இல்லாத விதை பிடிபட்டிருக்கிறது, அழிக்க வேண்டுமா, உங்கள் செலவில் திருப்பி அனுப்ப வேண்டுமா, கட்டத்தில் குறியிடவும். ‘அழிக்கவும்’ என்ற கட்டத்தில் குறியிட்டு, கையெழுத்துப் போட்டு, நகல் எடுத்து அனுப்பினேன்.

“இன்னாமா இது பேஜாரா கீது,” என்றார் அண்ணன் போனில். “வெடிகுண்டா அனுப்புனேன்? பூ வெதம்மா அது.”

“மொளகாத்தூளும் போச்சுண்ணா.”

“அத்த இன்னாத்துக்கு புட்ச்சிக்கினாங்க? அது மொளைக்காதே.”

கடைசியில் நூலகமே ஒரு விதைப் பாக்கெட் இலவசமாகக் கொடுத்தது.

3

எங்கள் ஊர்ப்பக்கம் இந்தச் செடிக்கு யாரும் இவ்வளவு உபசாரம் செய்து நான் பார்த்ததில்லை. ஜெனி மார்ச் கடைசியில், வெளியே பனி முழங்கால் அளவு கிடக்கும்போது, தட்டில் மண் நிரப்பி விதை தூவினாள். கடுகில் பாதிகூட இருக்காது, கருப்பாக மினுங்கும். ஆழமாகப் புதைக்கக் கூடாது, மேலாகத் தூவி விரல்நுனியால் அமுக்கினால் போதும். சூடு வேண்டும் என்று தட்டை நிலவறையில் வெந்நீர்த் தொட்டி பக்கத்தில் வைத்து, மேலே கண்ணாடித்தாள் மூடினாள். ஒரு வாரத்தில் முளைத்தது. அதன்பிறகு விளக்கு வெளிச்சத்தில் வளர்ந்தது.

மே மாதம் வந்ததும் தட்டைப் பகலில் வெளியே வைப்பது, சாயங்காலம் உள்ளே எடுப்பது. பத்து நாள் இந்தக் கூத்து. எடுத்து வைக்கும் வேலை எனக்கு. “வெளிக்காற்று பழகாமல் நட்டால் சுருண்டுவிடும்,” என்றாள். மே கடைசியில், இனி உறைபனி விழாது என்று உறுதியானதும், வேரைச் சுற்றிய மண் உதிராமல் முப்பது செடி நட்டாள். சாண் அளவுதான் இடைவெளி. நெருக்கி நட்டால்தான் வெளிச்சம் தேடித் தண்டு நீளுமாம். குவளைக்கு நீளமான தண்டு வேண்டும்.

ஒரு சாண் உயரம் வந்ததும் முப்பது செடியின் தலையையும் கிள்ளிப் போட்டாள். “எதுக்குமா கிள்ற, நல்லாதானே வருது?” என்றேன். நடுக்கொழுந்தைக் கிள்ளினால் பக்கத்தில் நாலைந்து கிளை வரும், ஒவ்வொன்றும் ஒரு தண்டு என்று புத்தகத்தைக் காட்டினாள். புத்தகம் சொன்னபடியே வந்தது. ஆகஸ்டில் பாத்தி முழுக்கக் கருஞ்சிவப்பு. கிட்டே போய்த் தொட்டால் வெல்வெட்டுத் துணிதான்.

அண்ணன் வீடியோவில் பார்த்தார். பழகிப் பார்க்கட்டும் என்று ஜெனி ஒரு தண்டை வெட்டிக் கண்ணாடிக் குவளையில் வைத்திருந்தாள். “இன்னா ஸ்டெல்லா, காம்போட சொம்புல நிக்க வெச்சிக்கினு கீறீங்க?” என்றார். ஊரில் எங்கள் வீட்டில் குவளை என்று ஒன்று இருந்தால் அதில் பிளாஸ்டிக் ரோஜா இருக்கும், டி.வி.க்கு மேலே. நிஜப் பூவுக்கு அங்கே வேறு வேலை உண்டு.

4

கண்காட்சி அன்றைக்கு மேசை போட உதவுவதற்காக ஜெனியும் அவள் அப்பாவும் காலையிலேயே நூலகத்துக்குக் கிளம்பினார்கள். அரை மணி நேரத்தில் திரும்புவோம், அதற்குள் இருபது தண்டு வெட்டி வை என்றாள். கை நீளம் இருக்க வேண்டும், இலையை உருவிவிட வேண்டும், உடனே தண்ணீரில் போட வேண்டும். வாளியும் கத்தரியும் வாசலில். எல்லாம் தெளிவாகத்தான் சொன்னாள்.

நான் ஏப்ரனைக் கட்டிக்கொண்டு பாத்தியில் இறங்கினேன். இலையெல்லாம் பனித்துளி. முதல் இரண்டு தண்டைக் கத்தரியால் வெட்டினேன். மூன்றாவது தண்டு நார் மாதிரி முறுக்கிக்கொண்டது. கத்தரியைக் கீழே வைத்தேன். அதற்குப் பிறகு நான் எதையும் முடிவெடுத்ததாக ஞாபகம் இல்லை. கட்டை விரலும் ஆள்காட்டி விரலும் பூவின் கழுத்தைப் பிடித்தன. ஒரு திருகு, டக்கென்று சத்தம், பூ மடியில். அடுத்தது. அடுத்தது. இரண்டு கையும் தனித்தனியாக வேலை செய்தன.

ஊரில் இந்தப் பூவை இப்படித்தான் பறிப்போம். வெயில் ஏறுவதற்குள் முடிய வேண்டும், ஏழு மணிக்குக் கோயம்பேடு பூச்சந்தைக்கு வண்டி கிளம்பிவிடும். அம்மா ஒரு சால், நான் ஒரு சால், செடி வரிசையைத்தான் சால் என்போம். காம்பு ஒரு விரல்கூட வரக்கூடாது. வந்தால் தோட்டக்காரர் கூடையைக் கவிழ்த்துக் காட்டுவார். “காம்பு இன்னாத்துக்கு? மால கட்றவன் காம்பயா கட்டுவான்?” எல்லார் முன்னாலும் ஒவ்வொரு காம்பாகக் கிள்ளி எறிய வேண்டும். இரண்டு முறை அப்படி நின்றேன், மூன்றாவது முறை நிற்கவில்லை. பறித்துவிட்டு அப்படியே பள்ளிக்கூடம் போவேன். விரலில் சிவப்புக் கறை போகாது. வகுப்பில் கையை மேசைக்கு அடியிலேயே வைத்திருப்பேன்.

அன்றைக்குப் பாத்தியில் இதெல்லாம் நான் நினைக்கவில்லை. கைகள் மறக்கவில்லை என்ற சந்தோஷம்தான் இருந்தது. கடைசி வரிசையை முடித்து நிமிர்ந்தபோது ஏப்ரன் மடி கனத்துத் தொங்கியது. இடுப்பைப் பிடித்துக்கொண்டு பெருமையாக நின்றேன். கார் வந்து நின்றது.

ஜெனி பாத்தியைப் பார்த்தாள். பிறகு என் மடியைப் பார்த்தாள். “மீதி எங்கே?” என்றாள்.

“மீதி இன்னா மீதி? எல்லாம் பறிச்சாச்சு,” என்றேன். சொல்லி முடிப்பதற்குள் எனக்கு உறைத்துவிட்டது. பாத்தியில் நூற்றுக்கு மேற்பட்ட தண்டுகள் தலையில்லாமல் நின்றன. வாளியில் இரண்டே இரண்டு.

அவள் கத்தவில்லை. புல்லில் உட்கார்ந்துவிட்டாள். கத்தியிருந்தால் எனக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும்.

“ஏன்?” என்றாள்.

“தூக்கக் கலக்கம்மா. கவனிக்கல.”

“நூறு பூவையும் தூக்கத்திலா?”

அவள் குறிப்பு நோட்டையும் இரண்டு தண்டையும் எடுத்துக்கொண்டு அப்பாவோடு போனாள். எல்லாருடைய குவளையும் நிரம்பியிருந்த மேசையில் அவள் குவளையில் இரண்டு பூ. குழுவை நடத்தும் அம்மையார் நல்லவர். அக்டோபர் முதல் சனிக்கிழமை நிறைவு நாள், அதற்குள் செடி மறுபடி பூத்தால் கொண்டு வா, சான்றிதழ் தருகிறேன், பூக்காவிட்டால் என்னால் ஒன்றும் செய்ய முடியாது என்றாராம். அக்டோபரில் இங்கே எந்த நாளும் உறைபனி விழலாம். விழுந்தால் செடி ஒரே ராத்திரியில் கருகிப்போகும்.

5

இரண்டு நாள் ஜெனி என்னோடு பேசவில்லை. சாப்பிட்டாள், தட்டைக் கழுவினாள், கேட்டதற்கு ‘ம்’ என்றாள்.

“தூக்கக் கலக்கம்னு சொல்லிக்கினு கீறியே, அத்த அது நம்புமா?” என்றார் சாமுவேல். “சொல்லிடு.”

“சொன்னா இன்னா நெனைக்கும்?”

“இப்ப மட்டும் இன்னா நெனைக்குதாம்? உனுக்கு மரை கழண்டுபோச்சின்னு நெனைக்குது.”

எனக்குப் பயமாக இருந்தது. மகள் என்னைத் தாழ்வாக நினைத்துவிடுவாளோ என்ற பயம்தான், வேறு எந்தப் பெயரும் அதற்கு வேண்டாம். சமையலறையில் காய் நறுக்குவதை அவளிடம் மறைத்ததில்லை, அதை அவள் மதிக்கவே செய்கிறாள். ஆனால் அது எட்டு மணி நேர வேலை, சீருடை, விடுப்பு உண்டு. விடியற்காலையில் அடுத்தவர் வயலில் மடி கட்டிக்கொண்டு நிற்பதை இந்த ஊர்ப் பிள்ளைக்கு எந்த வார்த்தையில் சொல்வது?

மூன்றாம் நாள் அவள் அந்தப் பூக்களை மேசையில் கொட்டி, வெள்ளைத் தட்டின் மேல் உதறி, விதை ஏதும் தேறுமா என்று பார்த்துக்கொண்டிருந்தாள். எதிரே உட்கார்ந்து சொன்னேன். தமிழில்தான் சொன்னேன், வீட்டுத் தமிழில். அவள் கையை நிறுத்தாமல் கேட்டாள்.

“எத்தனை வயசில்?”

“பதினொன்னு.”

“பள்ளிக்கூடம்?”

“பறிச்சிட்டுதான் போவேன். நாஷ்டா துன்னக்கூட நேரம் இருக்காது.”

“பூ வீட்டுக்கு எடுத்துப் போக விடுவார்களா?”

“கேட்டதில்ல.”

“தோட்டம் இருந்தது என்று சொன்னாயே.”

“தோட்டம் இருந்திச்சி. நம்மளுது இல்ல.”

அவள் இன்னொரு பூவை எடுத்துத் தட்டில் உதறினாள். “ஏன் எனக்குச் சொல்லவில்லை?” என்றாள்.

“நீ என்னை கொறச்சலா நெனச்சிடுவியோன்னுதான்.”

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். “பூவைப் பறித்ததற்காகத்தான் கோபம்,” என்றாள். “அது இன்னும் இருக்கிறது.”

எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. எழுந்து போய் அடுப்பைத் துடைத்தேன், துடைக்க அங்கே ஒன்றும் இல்லாவிட்டாலும்.

6

பூப்பறிப்பவர்கள் முற்றாத மொட்டில் கை வைக்க மாட்டார்கள், அடுத்த வாரக் கூலி அதில்தான் இருக்கிறது. நானும் வைத்திருக்கவில்லை. தண்டின் இலைக்கணுக்களில் விரல்நுனி அளவு மொட்டுகள் அப்படியே இருந்தன. ஜெனிதான் கண்டுபிடித்தாள். ஒரு தண்டுக்கு ஒரு மொட்டை மட்டும் விட்டுவிட்டு மற்றதைக் கிள்ளினாள். பலம் முழுக்க ஒரே இடத்துக்குப் போகட்டும் என்றாள்.

நான் வேலை முடிந்து வந்ததும் பழைய படுக்கை விரிப்புகளைப் பாத்திக்கு மேல் போர்த்துவேன். அவள் காலையில் எடுப்பாள். குளிருக்குச் செடி மெதுவாகத்தான் வளர்ந்தது. இரண்டு முறை பக்கத்து வீட்டுப் புல்லில் வெள்ளையாக உறைபனி. எங்கள் விரிப்புக்கு அடியில் செடி தப்பியது. அந்த மூன்று வாரமும் ஜெனி என்னோடு பேசினாள். செடியைப் பற்றி மட்டும் பேசினாள்.

நிறைவு நாளுக்கு முந்தைய நாள் குவளைக்குப் பக்கத்தில் வைக்கும் அட்டையை எழுதினாள். ‘இந்தச் செடிக்கும் உங்கள் குடும்பத்துக்கும் தொடர்பு உண்டா?’ என்று ஒரு கேள்வி அதில் உண்டு. செப்டம்பர் அட்டையில், ‘என் அம்மாவின் குடும்பத்துக்கு இந்தியாவில் தோட்டம் இருந்தது’ என்று எழுதியிருந்தாள். புது அட்டையில் இப்படி இருந்தது: ‘என் அம்மா ஊத்துக்கோட்டைக்கு அருகில் ஏழு வருடம் கூலிக்கு இந்தப் பூவைப் பறித்தார்.’

“கூலின்றத எடுத்துடுமா,” என்றேன்.

“அது உண்மையா, இல்லையா?”

“உண்மதான்.”

“அப்புறம்?”

“நம்ம ஆளுங்க வருவாங்க. படிப்பாங்க.”

“படிப்பதற்குத்தான் அட்டை.”

அவளுக்கு எப்படிச் சொல்வது? வெள்ளைக்காரர் படித்தால், பாவம், கஷ்டப்பட்டிருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டு அடுத்த மேசைக்குப் போவார். நம் ஆள் படித்தால் அங்கே நின்றுவிடுவார். அட்டையை நான் எடுத்து ஒளித்து வைத்திருக்கலாம். அந்த யோசனையும் வந்தது. ஏற்கெனவே ஒரு முறை அவள் பாத்தியைக் காலி செய்தவள் என்பதால் கை வைக்கவில்லை.

7

அன்று காலையில் ஜெனியே வெட்டினாள். நான் வாளியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். இருபத்தொரு தண்டு தேறியது. பூ முன்னைப்போலப் பெரிதில்லை, ஆனால் தண்டு கை நீளம். இலையை உருவி, அடியைச் சாய்வாக வெட்டிக் குவளையில் நிறுத்தினாள். குழு அம்மையார் எண்ணிப் பார்த்துச் சான்றிதழில் கையெழுத்துப் போட்டார். ஜெனி அதை இரண்டு முறை படித்துவிட்டுப் பைக்குள் வைத்தாள். அவளுக்கு வேண்டியது கிடைத்துவிட்டது. நான் கிளம்பிவிடலாம் என்று பார்த்தேன்.

அப்போது ரேவதியக்கா வந்தார். தமிழ்ச் சங்கத்தில் பொங்கல் விழாவை அவர்தான் நடத்துவார். சென்னைக்காரர், என்னைப் பன்னிரண்டு வருடமாகத் தெரியும். அவருடைய பையன் அதே குழுவில் சாமந்தி வளர்த்திருந்தான்.

“அட, நம்ம ஊர் கோழிக்கொண்டை. இதைப் போய் வாஸ்ல வெச்சிருக்கீங்களே, எவ்வளவு அழகா இருக்கு,” என்றார். அட்டையைக் குனிந்து படித்தார். மறுபடி படித்தார். நிமிர்ந்தபோது முகம் சாதாரணமாகத்தான் இருந்தது, குரல் மட்டும் கொஞ்சம் இறங்கியிருந்தது.

“ஊத்துக்கோட்டைல எந்தப் பக்கம் ஸ்டெல்லா?”

இந்தக் கேள்வி ஊர்க்காரர்களுக்கு விளக்கத் தேவையில்லாதது. வழி தெரிந்துகொள்வதற்காக இதை யாரும் கேட்பதில்லை. ஊருக்குள்ளே தெருவா, ஊருக்கு வெளியே காலனியா என்பதுதான் கேள்வி. நேராகக் கேட்டால் மரியாதை இல்லை என்பதால் பக்கத்தைக் கேட்பார்கள். பன்னிரண்டு வருடத்தில் அவர் இரண்டு முறை வேறு மாதிரி கேட்டிருக்கிறார். நான் இரண்டு முறையும் திருவள்ளூர் மணவாள நகர் என்று சொல்லியிருக்கிறேன். கல்யாணத்துக்குப் பிறகு அங்கே பதினோரு மாதம் வாடகைக்கு இருந்தோம். இப்போதும் அது நாக்கு நுனியில் தயாராக இருந்தது.

மேசைக்கு அந்தப் பக்கம் ஜெனி குவளையில் குறைந்திருந்த தண்ணீரை ஊற்றிக்கொண்டிருந்தாள்.

“காலனிக்கா,” என்றேன். “ஊருக்கு வெளிய, ஏரி ஓரமா. அங்கேருந்துதான் பூ பறிக்கப் போவோம். நானும் எங்க அம்மாவும்.”

ரேவதியக்கா “ஓ” என்றார். பிறகு பூ நன்றாக இருக்கிறது என்று இன்னொரு முறை சொன்னார். பையனைத் தேட வேண்டும் என்று சாமந்தி மேசைப் பக்கம் போனார். அடுத்த பொங்கலுக்கு அவர் என்னை வழக்கம்போலப் பாயசம் கிளறக் கூப்பிடுவாரா, மாட்டாரா என்று எனக்குத் தெரியாது. என் காது சூடாக இருந்தது.

ஜெனி தண்ணீர் ஜாடியைக் கீழே வைத்தாள். “அவங்க என்ன கேட்டாங்க?” என்றாள், தமிழில்.

“எந்தப் பக்கம்னு கேட்டாங்க.”

“சொன்னியா?”

“சொல்லிட்டேன்.”